பொட்டி பேங்க்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் எங்கள் பெரியப்பா மேனேஜராக இருந்த பேங்குக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. தொழிலாளர், கூட்டுறவு, சிக்கனம், சேமிப்பு என்று எல்லா நல்ல வார்த்தைகளும் அதில் இருக்கும். அந்தப் பெயரை முழுதாகச் சொன்னவர் பெரியப்பா ஒருவர்தான், அதுவும் கையில் மைக் கிடைத்தால். மற்ற எல்லோருக்கும் அது பொட்டி பேங்க். ஆட்டோக்காரரிடம் முழுப் பெயரைச் சொன்னால் யோசிப்பார். பொட்டி பேங்க் என்றால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்.

பேருக்குக் காரணமான பெட்டி மேனேஜர் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. துருப்பிடித்த தகரப் பெட்டி. வெள்ளிக்கிழமைகளில் அதற்குக் குங்குமம் வைப்பார்கள். ரொம்ப காலத்துக்கு முன்னால் மில்லில் வேலை பார்த்த சிலர் ஆரம்பித்த பேங்க் அது. சம்பள நாளில் மில் கேட்டுக்கு வெளியே வட்டிக்காரர்கள் காத்து நிற்பார்களாம். கேட்டைத் தாண்டினால் சம்பளம் கையில் நிற்காது. அதனால் கேட்டுக்கு உள்ளேயே ஆளுக்குக் கொஞ்சம் காசை அந்தப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவது என்று முடிவு செய்தார்கள். பெட்டிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி ஒருவரிடம், இன்னொரு சாவி இன்னொருவரிடம். சாவி வைத்திருந்த இரண்டு பேரும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வேண்டுமென்றேதான் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று பெரியப்பா சொல்வார். சேர்ந்து திருட வேண்டும் என்றால் முதலில் பேச வேண்டும் அல்லவா.

இந்தக் கதையை அவர் வருஷத்துக்கு ஒருமுறை மைக்கில் சொல்வார். எனக்கு நினைவு தெரிந்த முதல் வருஷம் கதையில் வந்த பெட்டி பிஸ்கட் டப்பா அளவுதான் இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி, கடைசியில் இரண்டு ஆள் தூக்கிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டது. கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்த பெட்டி மட்டும் அப்படியே இருந்தது.

பெரியப்பா அந்தக் கதையைச் சொல்லும் நாளுக்குப் பெயர் பொட்டி திறப்பு. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் பேங்க் ஒரு சின்னத் தகரப் பெட்டி கொடுத்திருந்தது. பச்சை பெயிண்ட், மேலே காசு போட ஒரு வாய், பக்கத்தில் நம்பர். சாவி பேங்கிலேயே இருக்கும். நாங்கள் போடலாம், எடுக்க முடியாது. ஈர்க்குச்சியை விட்டு எடுக்க முடியும் என்று என் பெரியப்பா மகன் செய்து காட்டியிருக்கிறான். எனக்கு அந்தக் கை வரவில்லை. ஆயுத பூஜைக்கு மறுநாள் எல்லோரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போவோம். பூசணிக்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, பொரியும் கடலையும் கொடுத்து, ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து எண்ணிக் கணக்கில் சேர்ப்பார்கள். அன்றைக்கு ஒரு விதி உண்டு. கடைசிப் பிள்ளையின் காசு எண்ணி முடிகிறவரை கவுண்டரிலிருந்து யாருக்கும் பணம் வெளியே போகாது. பிள்ளைகளின் காசு உள்ளே வரும்போது பெரியவர்கள் காசு வெளியே போகக் கூடாது என்று அந்த மில்காரர்கள் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பேட்டைக்கே இது தெரியும். பணம் எடுக்க வேண்டியவர்கள் முதல் நாளே எடுத்துக்கொள்வார்கள்.

என் அப்பா பெரியப்பாவுக்குத் தம்பி. பீன்யாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பெரியப்பா பேசிக்கொண்டே இருப்பவர், அப்பா கேட்டுக்கொண்டே இருப்பவர். அண்ணன் முன்னால் அப்பா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்தப் பட்டறையை மூடினார்கள். கணக்கு முடித்துக் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். அந்தப் பணத்தை அண்ணன் பேங்கில்தான் அப்பா போட்டார். வேறு எங்கேயாவது போட்டிருந்தால் பெரியப்பா எங்கள் வீட்டுப் படியேறியிருக்க மாட்டார்.

அந்தப் பணம்தான் எங்கள் வீடு. பெங்களூரில் லீஸ் என்று ஒன்று உண்டு. ஓனரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் வாடகை இல்லாமல் இருக்கலாம். காலி செய்யும்போது தொகை திரும்பி வரும். எங்கள் லீஸ் முடிந்துவிட்டது. ஓனரம்மா தொகையை ஏற்றிவிட்டார். மேற்கொண்டு கேட்டதைக் கொடுத்தால் இருக்கலாம், இல்லாவிட்டால் காக்ஸ் டவுனிலிருந்து வேறொரு பார்ட்டி தயாராக இருக்கிறது. "சோமவாரா ஹணா பேகு" என்று மாடியிலிருந்தபடியே அம்மாவிடம் சொன்னார். திங்கட்கிழமை பணம் வேண்டும். வேலையும் போய் வீடும் போனால் எங்கே போவது என்று அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. காக்ஸ் டவுன்காரர்கள் வந்தால் அவர்களோடு சேர்ந்து இருந்துகொள்ளலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்த மே மாதம்தான் பேங்கின் போர்டு இறங்கியது.

அதற்குச் சில நாள் முன்னால் மல்லேஸ்வரம் பக்கம் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டது. பணம் போட்டவர்கள் காலையில் வந்து பார்த்தபோது பூட்டு தொங்கியது, போர்டைக் காணவில்லை. ஓடுகிற கம்பெனி போர்டையும் எடுத்துக்கொண்டு ஓடும் என்ற அறிவு அப்போதுதான் ஊருக்கு வந்தது. எங்கள் பேங்கின் போர்டு தமிழிலும் இங்கிலீஷிலும் இருந்தது. கன்னடம் மேலே பெரிதாக இருக்க வேண்டும் என்று கார்ப்பரேஷன் ஆபீசர் வந்து இரண்டு முறை சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரியப்பா தள்ளிப் போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் பார்த்து அந்த வாரம்தான் பெயிண்டரைக் கூப்பிட்டார். பெயிண்டர் புதன்கிழமை சாயந்திரம் போர்டைக் கழற்றித் தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுபோனார். ஒரு பேனா மூடி தொலைந்தாலும் எழுதி வைக்கிற பெரியப்பாவுக்கு, 'போர்டு பெயிண்டுக்குப் போயிருக்கிறது' என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிடத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை பால் வாங்கப் போனவர்கள் சுவரைப் பார்த்தார்கள். போர்டு இருந்த இடம் மட்டும் நீள்சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. பத்து மணிக்கு பேங்க் திறந்தபோது வாசலிலிருந்து முனை டெய்லர் கடை வரை வரிசை. கேட்டவர்களுக்கெல்லாம் பெரியப்பா கொடுத்துக்கொண்டே இருந்தார். போர்டைப் பற்றி விளக்கிச் சொல்லியும் பார்த்தார். விளக்கம் சொன்னதால் வரிசை இன்னும் நீண்டது. மல்லேஸ்வரத்துக்காரர்களும் விளக்கம் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்குக் கதவைச் சாத்தும்போது இரும்புப் பெட்டியில் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். பேங்கிடம் பணம் இல்லாமல் இல்லை. எந்த பேங்கிலும் எல்லோருடைய பணமும் ஒரே நேரத்தில் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்காது. பெரிய பேங்கில் போட்டு வைத்திருந்ததைக் கொண்டுவர வேண்டும், அது வந்து சேர வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிடும். வெள்ளிக்கிழமை காலையை எப்படியாவது தள்ளியாக வேண்டும். இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

அன்று சாயந்திரம் அம்மா சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே அப்பாவிடம் பேசினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து மாவில் பொம்மை செய்துகொண்டிருந்தேன்.

"ஏங்க, நாளைக்குப் போய் எடுத்துக்கினு வந்துடுங்க. திங்கக்கெழமை வரைக்கும் காத்துக்கினு இருக்காதீங்க."

"அண்ணன்கிட்ட போய் எப்படிக் கேக்கறது?"

"அண்ணன்கிட்ட யாரு கேக்கச் சொன்னாங்க? பேங்க்ல கேளுங்க."

"பேங்க்ல யாரு உக்காந்திருக்காரு?"

அம்மா மாவை ஒரு குத்து குத்தினாள். "நான் போய்க் கேக்கட்டுமா?"

அப்பா எழுந்து போய் மொபெட்டைத் துடைத்தார். பட்டறை மூடியதிலிருந்து அந்த மொபெட் ரொம்பச் சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் தெருவில் சைக்கிள் மணி கேட்டது. பேங்க் பியூன் அண்ணன் ஒரு கையால் ஹேண்டில் பிடித்துக்கொண்டு ஒரு கையால் மணியை அடித்துக்கொண்டே வந்தார்.

"நாளைக்கு பொட்டி திறப்பு! பசங்கெல்லாம் பொட்டி எடுத்துக்கினு ஒம்பதரைக்கே வந்துடுங்க! பொரி உண்டு, கடலை உண்டு, லட்டு உண்டு!"

லட்டு இதற்கு முன்னால் இருந்ததில்லை. "மே மாசத்துல இன்னாத்துக்கு ஆயுத பூஜை" என்று அம்மா கேட்டாள். பியூன் அண்ணன் நிற்கவில்லை. நான் பரணிலிருந்து பெட்டியை இறக்கச் சொல்லி அழுதேன். குலுக்கிப் பார்த்தேன். போன ஆயுத பூஜையிலிருந்து ஏழு மாதக் காசு. கனமாகத்தான் இருந்தது.

மறுநாள் பேங்கைப் பார்த்தால் ஒரு பக்கம் எங்கள் வரிசை, இன்னொரு பக்கம் பெரியவர்கள் வரிசை. வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். பூசணிக்காய் உடைத்திருந்தது. தகரப் பெட்டிக்குப் புது மாலை. பெரியவர்கள் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள், எங்கே போனாலும் கற்பூரம் காட்டினால் ஒற்றிக்கொள்வதுதானே. பெரியப்பா மைக் பிடித்துக் கதையை ஆரம்பித்தார். அந்த வருஷம் கதை வழக்கத்தைவிட நீளம். மில் கேட்டுக்கு வருவதற்கே ரொம்ப நேரம் ஆனது. அப்புறம் விதியைச் சொன்னார். பெரியவர்கள் பணம் எடுக்கும் சீட்டை எழுதி ஓரத்து ஜன்னலில் கொடுக்கலாம், பொட்டி எல்லாம் எண்ணி முடிந்ததும் ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள்.

ஒரு ரயில்வே மாமா சத்தம் போட்டார். "இன்னா சார், டிராமாவா? நேத்து போர்டு இல்ல, இன்னைக்கு பூசணிக்காவா?"

பெரியவர்கள் வரிசையில் முன்னால் நின்ற கீரைக்கார அம்மா திரும்பினார். "கொயந்தைங்க காசு எண்றப்போ கத்தாதய்யா. உன் பையனுந்தான் அங்க நிக்கிறான்."

உண்மைதான். அவர் பையன் எனக்கு நாலு பேர் முன்னால் நின்றான். அந்த வரிசையில் இருந்தவர்களின் பிள்ளைகள்தான் இந்த வரிசையிலும் இருந்தார்கள். காசை எடுத்துக்கொண்டு ஓடவேண்டும் என்று வந்தவர்கள், தங்கள் பிள்ளை காசு போடுவதைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது எனக்கு அப்போது வேடிக்கையாகப் படவில்லை.

காஷியர் மாமா அன்றைக்கு எண்ணின மாதிரி யாரும் எண்ணி நான் பார்த்ததில்லை. நாலணாக்களைத் தனியாக அடுக்கினார். எட்டணாக்களைத் தனியாக அடுக்கினார். அடுக்கைக் கலைத்து மறுபடி எண்ணினார். நசுங்கின காசு ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பையன் பெட்டியில் சட்டைப் பட்டன் வந்தது. அது யார் சட்டை, எப்படி உள்ளே போனது, வீட்டில் தெரியுமா என்று பெரிய விசாரணையே நடந்தது. எங்களை இவ்வளவு மதித்து யாரும் பேசியதில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் முறை வர இன்னும் ரொம்ப நேரம் இருந்தது. கால் வலித்தது. லட்டு தீர்ந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

அப்போது பெரியப்பா தன் அறையிலிருந்து வெளியே வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. எங்கள் வரிசையைப் பார்த்து நேராக என்னிடம் வந்தார்.

"வா பாப்பா. அடுத்தது உன் பொட்டி."

"எனக்கு முன்னாடி இவங்கெல்லாம் இருக்காங்களே பெரியப்பா?"

பெரியப்பா வரிசை தப்பினால் சொந்தப் பிள்ளையையே வெளியே அனுப்புகிறவர். என்னைப் பெட்டியோடு அப்படியே தூக்கி கவுண்டர் மேல் உட்கார வைத்தார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். நான் கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

கவுண்டர் மேலிருந்து பார்த்தால் பேங்க் முழுதும் தெரிந்தது. கூட்டம், மின்விசிறி, கதவு. கதவை ஒட்டித் தூணுக்குப் பின்னால் ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நின்றிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ரோட்டிலேயே ஹெல்மெட் போடுகிறவர்கள் குறைவு. என் அப்பாவும் போடமாட்டார். அது மொபெட் ஹேண்டிலில் தொங்கிக்கொண்டே பீன்யா போய்த் தொங்கிக்கொண்டே திரும்பும். ஆனால் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டை அப்பாவுடையது. என் பெட்டி திறப்பதைப் பார்க்கத்தான் எனக்குத் தெரியாமல் ஒளிந்து வந்திருக்கிறார் என்று உடனே புரிந்துவிட்டது.

"அப்பா!" என்று கத்தினேன். "இங்க பாருங்க! என் பொட்டிதான்!"

எல்லோரும் திரும்பினார்கள். அப்பா ஹெல்மெட்டைக் கழற்றினார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. காஷியர் மாமா எண்ணுவதை நிறுத்திவிட்டார். மேனேஜரின் தம்பியை அந்த வரிசையில் தெரியாதவர்கள் கிடையாது.

கீரைக்கார அம்மாதான் கேட்டார். "இன்னாப்பா, நீயுமா?"

ரயில்வே மாமா, "பாத்தீங்களா, கூடப் பொறந்தவனே" என்று ஆரம்பித்தார்.

அப்பா பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா அப்பாவைப் பார்க்கவில்லை. என் பெட்டியின் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். சாவி லேசில் திரும்பவில்லை.

"இல்லம்மா," என்றார் அப்பா. அவ்வளவு பேர் முன்னால் அவர் பேசி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "பாப்பா பொட்டி தெறக்கறாங்கன்னு பாக்க வந்தேன்."

"ஹெல்மெட்டு போட்டுக்கினா?"

"அவளுக்குத் தெரியாம பாக்கலாம்னு."

நான் நினைத்தது எவ்வளவு சரி என்று எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா தூணை விட்டு முன்னால் வந்து கவுண்டர் பக்கத்தில் நின்றார். பெட்டி திறந்தது. காஷியர் மாமா என் காசை எண்ணி முடிக்கும் வரை அண்ணனும் தம்பியும் எனக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. எண்ணி முடிந்ததும் அப்பா தன் கையிலிருந்த எதையோ என் கையில் வைத்து மூடினார். "வெச்சுக்கோ" என்றார். திறந்து பார்த்தேன். வட்டமான பித்தளைத் துண்டு. வேர்வையில் ஈரமாக இருந்தது. நடுவில் நம்பர், சுற்றி எழுத்து, மேலே ஒரு ஓட்டை. மெடல்.

பெரியப்பா அதைப் பார்த்தார். "அடுத்த பொட்டி" என்றார் காஷியர் மாமாவிடம்.

அதற்குப் பிறகு பெரியவர்கள் வரிசை மெல்லக் கலைந்தது. அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததாகக் கீரைக்கார அம்மாவுக்கு நினைவு வந்தது. இன்னும் சிலருக்கு வேறு வேலைகள் நினைவுக்கு வந்தன. ரயில்வே மாமா மட்டும் கடைசி வரை இருந்து தன் பணத்தை வாங்கிக்கொண்டார். மத்தியானம் ஜீப்பில் பணம் வந்து டிரங்குப் பெட்டியை வாசல் வழியாக எல்லோரும் பார்க்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். பார்க்கத்தான் யாரும் இல்லை. சனிக்கிழமை போர்டு வந்தது. கன்னடம் மேலே, தமிழ் கீழே. பெயிண்ட் காயாமல் தொட்டவர்கள் கையில் ஒட்டியது. அடுத்த வாரம் ரயில்வே மாமாவும் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்.

வீட்டில்தான் கதை வேறு மாதிரி போனது. அம்மா கதவிலேயே நின்றாள். "எடுத்துக்கினு வந்தீங்களா?"

"கூட்டமா இருந்தது" என்றார் அப்பா.

"அப்பா என்னைப் பாக்கறதுக்குத்தாம்மா வந்தாரு," என்றேன் நான். "மெடல் குடுத்தாரு."

அம்மா மெடலை வாங்கிப் பார்த்தாள். என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கும் மறுநாளும் அப்பாவோடு பேசவில்லை. பெட்டிக் காசில் எனக்கு ரிப்பன் வாங்கலாம் என்று இருந்தாள், அதை நான் பேங்கில் போட்டுவிட்டு வந்த கோபம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்தாள். அவற்றை எங்கே கொண்டுபோகப் போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. அப்பா மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை, பேங்க் திறப்பதற்கு முன்னாலேயே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் மஞ்சள் பை. உட்கார்ந்து காப்பி குடித்தார். புதுப் போர்டில் கன்னட எழுத்து எவ்வளவு அழகாக வந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். அப்பா நின்றுகொண்டே தலையாட்டினார். எழுந்து போகும்போது பையை அம்மாவிடம் கொடுத்தார்.

"ஓனரம்மாவுக்குக் குடுத்துடும்மா. சரியா இருக்கும்."

இவர்கள் யாருமே போய்க் கேட்காதபோது எவ்வளவு வேண்டும் என்று பெரியப்பாவுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் யோசிக்கவில்லை. பெரியப்பாவுக்கு எல்லாம் தெரியும் என்பது எங்கள் வீட்டில் பழகிப்போன விஷயம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாக்குகளை அவிழ்த்தாள்.

மெடலை நான் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தேன். நான் வாங்கின முதல் பரிசு. விருந்தாளி யார் வந்தாலும் எடுத்துக் காட்டுவேன். காட்டும்போதெல்லாம் அப்பாவுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். தீபாவளிக்குப் பெரியப்பா வரும்போது அவரிடமும் காட்டுவேன். கையில் வாங்கி, முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, "பத்திரமா வெச்சுக்கோ" என்பார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதையேதான் சொன்னார்.

பதினேழு வயதில், காலேஜ் பீஸ் கட்டுவதற்காக, என் கணக்கிலிருந்து பணம் எடுக்க முதல் தடவையாகத் தனியாக பேங்குக்குள் போனேன். பெரியப்பா ரிட்டையராகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய நாற்காலியில் கம்ப்யூட்டர் படித்த ஒரு கன்னடக்காரர். காஷியர் மாமா மட்டும் அதே மாமா. சீட்டை எழுதி ஓரத்து ஜன்னலில் கொடுத்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை வந்து என் கையில் ஒரு பித்தளைத் துண்டை வைத்தது. வட்டம், நடுவில் நம்பர், மேலே ஒரு ஓட்டை.

நம்பர் கூப்பிட்டதும் கவுண்டரில் அதைக் கொடுக்க மனமில்லாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன். "மாமா, இது பொட்டி திறப்பு அன்னைக்குப் பசங்களுக்குக் குடுக்கற மெடல்தானே?"

அவர் சிரித்துவிட்டார். "மெடலா? டோக்கன்ம்மா இது. பணம் எடுக்க வர்றவங்க சீட்டு குடுத்தா குடுப்போம். சீட்டு மேனேஜர் டேபிளுக்குப் போவும், அவர் கையெழுத்து போட்டா டோக்கன வாங்கிக்கினு பணம் குடுப்போம். பசங்களுக்கு எதுக்கு?" பிறகு டோக்கன்கள் மாட்டியிருந்த பலகையைக் காட்டினார். வரிசையாகப் பித்தளை, நடுவில் ஒரு ஆணியில் மட்டும் நம்பர் எழுதிய அட்டை. "அதோ அது ஒண்ணுதான் இல்ல. ஆடிட்டுக்கு ஆடிட்டு எழுதிட்டுப் போறாங்க. டோக்கன் திரும்பி வராம அந்த நம்பருக்கு எப்படிப் பணம் போச்சுன்னு. உங்க பெரியப்பா இருந்தவரைக்கும் தேட விடலை. அது தொலையலப்பா, பத்திரமாத்தான் இருக்குன்னு சொல்லிட்டாரு."

பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அப்பா மொபெட்டில் ஒரு காலை ஊன்றி உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் ஹேண்டிலில் தொங்கியது. உள்ளே வரச் சொன்னதற்கு வெயிலில் நிற்பதே நல்லது என்று சொல்லியிருந்தார்.

"ஆச்சா?" என்றார்.

"ஆச்சுப்பா" என்றேன். பின்னால் ஏறி உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். என் பெட்டியை ஊரே பார்க்க வேண்டும் என்றுதான் பெரியப்பா அன்றைக்கு வரிசையை மீறி என்னைத் தூக்கி கவுண்டர் மேல் வைத்தார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். தம்பி எழுதிக் கொடுத்த சீட்டு அப்போதுதான் அவர் மேஜைக்குப் போயிருக்க வேண்டும் என்பதும், அவர் என்னைத் தூக்கிக் காட்டியது ஹெல்மெட் போட்டுக்கொண்டு நின்ற ஒருவருக்காக என்பதும் அந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்குத் தெரியவில்லை. லட்டு தீர்ந்துவிடுமோ என்றுதான் அவள் பயந்துகொண்டிருந்தாள்.